மணி பார்க்காத ஆடிட்டர் ஆபீஸ்: இரண்டு வருட வாடிக்கையாளராக என் அனுபவம்

ஈரோட்டில் எங்களுக்குப் பெட்ஷீட், துண்டு, ஜமக்காளம் விற்கிற ஒரு கடை இருக்கிறது. அப்பா ஆரம்பித்தது, இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். ஜி.எஸ்.டி., வருமான வரி என்று எல்லாக் கணக்கையும் 2024 ஏப்ரலில் ஒரு புது ஆடிட்டர் ஆபீஸுக்கு மாற்றினோம், இரண்டு வருடம் ஆகப்போகிறது. சந்தையில் மூன்று நான்கு பேர் அந்த ஆபீஸைப் பற்றி என்னிடம் கேட்டுவிட்டார்கள். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு இத்தனை மணிக்கு வர வேண்டும், இத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று எதுவும் கிடையாது, அப்படிப்பட்ட இடத்தில் எப்படி நம்பிக் கணக்கைக் கொடுத்தாய் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஆபீஸின் பெயரைப் போடவில்லை. ஆடிட்டர்கள் விளம்பரம் செய்துகொள்வதற்கு அவர்களுடைய தொழில் விதியில் கட்டுப்பாடு உண்டு, நான் எழுதுவது விளம்பரம் இல்லை என்றாலும் நம்மால் அந்த ஆடிட்டருக்கு ஒரு சங்கடம் வேண்டாம்.

பழைய ஆபீஸைப் பற்றிச் சொல்லாமல் இது புரியாது. அங்கே வாசலிலேயே கைரேகை மெஷின் இருக்கும். காலை ஒன்பதரைக்குள் விரல் வைத்தாக வேண்டும், மூன்று நாள் தாமதமானால் அரை நாள் சம்பளம் போய்விடும். ஒரு மாதம் 21ஆம் தேதி காலை, ஏதோ ஒரு கையெழுத்துக்காக நான் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கணக்கைப் பார்க்கிற தம்பி பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தான். முந்தின நாள் 20ஆம் தேதி, மாத வரியைக் கட்டிப் போடுகிற 3பி என்கிற ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்குக் கடைசி நாள், ஜி.எஸ்.டி. போர்ட்டல் நகரவே இல்லை, இரவு பதினொன்று தாண்டி எனக்குப் போன் செய்து "அக்கா, ஓ.டி.பி. வந்துச்சுங்களா" என்று கேட்டு வாங்கி ரிட்டர்ன் போட்டவன் அவன்தான். அந்தப் பையனை, என்னைப் போலக் கணக்குக் கொடுக்கிற கட்சிக்காரர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் வைத்து, இருபது நிமிடம் லேட்டாக வந்ததற்காக மேனேஜர் திட்டினார். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தின ராத்திரி எனக்காகத்தான் உட்கார்ந்திருந்தான் என்று நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, இன்றைக்கும் அது உறுத்துகிறது.

இரண்டு மாதத்தில் அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். அதற்கப்புறம் எங்கள் கணக்கு யார் கையில் இருக்கிறது என்றே தெரியவில்லை. 2023 டிசம்பர் மாதத்து 3பி ஆறு நாள் தாமதமாகப் போனது. நாளுக்கு 50 ரூபாய் லேட் ஃபீ, கட்ட வேண்டிய வரிக்கு 18 சதவீத வட்டி, அதுகூடப் பெரிய தொகை இல்லை. எங்களுக்குத் துண்டு அனுப்புகிற ஒரு கரூர்ப் பார்ட்டி ஒரு பெரிய பில்லைத் தன்னுடைய ரிட்டர்னில் ஏற்றவே இல்லை, அதை யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை. அந்த பில்லுக்கான இன்புட், அதாவது சரக்கு வாங்கும்போது நாங்கள் கொடுத்து, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள வேண்டிய வரி, 38,000 ரூபாய். அது அந்த மாதம் எங்கள் கையிலிருந்து ரொக்கமாகப் போனது. அந்த மாதம் ஆபீஸில் எல்லோரும் ஒன்பதரைக்கு விரல் வைத்துவிட்டு நாள் முழுவதும் சீட்டில்தான் இருந்திருக்கிறார்கள்.

கடைக்காரர்கள் அல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு, போன மாதம் என்னென்ன விற்றோம் என்று சொல்கிற ஆர்-1 ரிட்டர்ன் 11ஆம் தேதிக்குள் போக வேண்டும். நமக்கு விற்றவர்கள் எல்லோரும் அப்படி ஏற்றிய பில்களைச் சேர்த்து 14ஆம் தேதி போர்ட்டலில் 2பி என்று ஒரு பட்டியல் வரும். 2022 ஜனவரியில் இருந்து, அந்தப் பட்டியலில் இல்லாத பில்லுக்கு இன்புட் எடுக்க முடியாது. 20ஆம் தேதிக்குள் 3பி போட்டு வரியைக் கட்ட வேண்டும். அப்படியானால் 14க்கும் 20க்கும் நடுவில் இருக்கிற அந்த ஐந்தாறு நாளில் ஒருவர் உட்கார்ந்து, நம்மிடம் இருக்கிற பர்ச்சேஸ் பில்லையும் 2பியையும் ஒப்பிட்டுப் பார்த்து, எது விடுபட்டிருக்கிறது என்று நமக்குச் சொல்லியாக வேண்டும். நாம் விற்றவரைக் கூப்பிட்டுச் சண்டை போட வேண்டும், வரிப் பணத்தைப் புரட்ட வேண்டும். ஆடிட்டர் ஆபீஸிடம் எனக்கு வேண்டியது இதுதான். இதை அவர்கள் காலை ஆறு மணிக்குச் செய்தால் என்ன, ராத்திரி எட்டு மணிக்குச் செய்தால் என்ன?

ஆனால் இந்தத் தெளிவு எனக்கு முதல் நாள் இல்லை. புது ஆபீஸுக்கு முதல்முறை போனபோது காலை பத்தேகால். பத்துப் பன்னிரண்டு மேஜை, இரண்டு பேர்தான் இருந்தார்கள். திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். உட்கார்ந்திருந்த நேரத்தில் எதிரே சுவர் முழுக்க மாட்டியிருந்த வெள்ளைப் பலகையைப் படித்தேன். இடது பக்கம் கட்சிக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், மேலே வரிசையாக "பில் வந்தது", "ஆர்-1", "2பி பட்டியல் அனுப்பியது", "வரித் தொகை சொன்னது", "3பி", "திருத்தம்" என்று கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் தேதி. அன்றைக்கு 12ஆம் தேதி, ஆர்-1 கட்டத்தில் ஒன்றுகூடக் காலியாக இல்லை, பாதிக்கு மேல் 8, 9 என்றுதான் போட்டிருந்தது. பழைய இடத்தில் இப்படி ஒரு பலகை வைத்திருந்தால் பாதிக் கட்டம் காலியாகத்தான் இருந்திருக்கும்.

ஆபீஸை நடத்துகிற ஆடிட்டர் மேடம் பதினொரு மணிக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும், நிதானமாகப் பேசுகிறவர். யாரும் இல்லையே என்று கேட்டதும் அவர் சமாளிக்கவில்லை, எப்படி இந்த முறைக்கு வந்தார்கள் என்று சொன்னார். 2020 மார்ச் ஊரடங்கில் எல்லோரும் கம்ப்யூட்டரை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். திறந்த பிறகும் கோபியில் இருந்தும் பெருந்துறையில் இருந்தும் வருகிற இரண்டு பெண்களுக்குப் பஸ் சரியாக இல்லை, அவர்கள் வீட்டிலிருந்தே செய்திருக்கிறார்கள். வருடம் முடிந்து கணக்குப் பார்த்தால் அந்த இருவரின் ஃபைல்களில்தான் தப்பு குறைவு. "அப்ப நான் இத்தனை வருஷமா எதுக்குங்க கடிகாரத்தைப் பார்த்துட்டு இருந்தேன்னு தோணுச்சு" என்றார்.

அதற்கப்புறம் அவர் சொன்னது எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. நேரத்தைக் கைவிட்ட முதல் வருடம், யார் எத்தனை ரிட்டர்ன் போட்டார்கள் என்று எண்ணித்தான் இன்சென்டிவ் கொடுத்திருக்கிறார். நன்றாக நடக்கும் என்று நினைத்தது ஆறே மாதத்தில் கோணலாகிவிட்டது. விற்பனையே இல்லாத நில் ரிட்டர்ன் கட்சிக்காரர்களை எல்லோரும் போட்டி போட்டு எடுத்துக்கொண்டார்கள், மாதம் நானூறு பில் வருகிற ஜவுளிக் கடை ஃபைலைத் தொட ஆள் இல்லை. எடுத்தவர்களும் எண்ணிக்கைக்காக அவசரமாகப் போட்டு, அடுத்த மாதம் திருத்தம் போட வேண்டியதாகி, கட்சிக்காரர்களுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. பலகையில் "திருத்தம்" என்கிற கடைசிக் கட்டம் அதற்குப் பிறகு வந்ததுதான். இப்போது எண்ணிக்கை கிடையாது. பில் எவ்வளவு என்பதைப் பார்த்துக் கனமான ஃபைல், லேசான ஃபைல் என்று பிரித்து எல்லோருக்கும் கலந்து கொடுக்கிறார். 2பியில் விடுபட்டது என்னென்ன என்று 16ஆம் தேதிக்குள் கட்சிக்காரருக்குப் போனதா, கட்ட வேண்டிய தொகையை 17க்குள் சொன்னார்களா, அடுத்த மூன்று மாதத்தில் அந்த ரிட்டர்னில் திருத்தம் எதுவும் வராமல் இருந்ததா, இவ்வளவுதான் கணக்கு. சம்பள உயர்வும் போனஸும் இதை வைத்துத்தான்.

யோசித்துப் பார்த்தால் இதைச் செய்வது விரல் மெஷின் வாங்கி மாட்டுவதைவிட எவ்வளவு கஷ்டம்! மெஷினைப் பத்தாயிரம் ரூபாய்க்குள் வாங்கி மாட்டிவிடலாம். நல்ல வேலை என்றால் எது என்று உட்கார்ந்து யோசித்து, தப்பாக யோசித்ததை ஒத்துக்கொண்டு மாற்றி, அதை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி சுவரில் எழுதி வைக்க முதலாளிக்கு நிறையப் பொறுமை வேண்டும். பல இடத்தில் நேரத்தைக் கறாராகப் பார்ப்பதற்குக் காரணம் அதைத் தவிர வேறு எதைப் பார்ப்பது என்று அவர்களுக்குத் தெரியாததுதான் என்று நான் நினைக்கிறேன்.

சரி, எங்கள் ஃபைலுக்கு வருகிறேன். அதைப் பார்க்கிற அக்கா பவானியில் இருந்து வருகிறார், இரண்டு பிள்ளைகள், சின்னது இரண்டாம் வகுப்பு. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஏழு வரை வீட்டிலேயே வேலை செய்வார், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுப் பதினொன்றுக்கு ஆபீஸுக்கு வருவார், மூன்றரைக்குக் கிளம்பிவிடுவார். சில நாள் வரவே மாட்டார். முதல் இரண்டு மாதம் எனக்குப் பதற்றமாகவே இருந்தது. 13ஆம் தேதி ஆகிவிட்டால் "அக்கா, பார்த்துட்டீங்களா" என்று வாட்ஸாப்பில் கேட்டுக்கொண்டே இருப்பேன். மூன்றாவது மாதத்தில் அந்தப் பழக்கம் தானாக நின்றுபோனது, ஏனென்றால் நான் கேட்பதற்கு முன்பே பட்டியல் வந்துவிடுகிறது. "இந்த மூன்று பில் 2பியில் இல்லை, இந்தப் பார்ட்டி போன மாதமும் ஏற்றவில்லை, அவருக்கு அடுத்த பேமெண்டில் வரித் தொகையை மட்டும் நிறுத்தி வையுங்கள்" என்கிற அளவுக்கு விவரமாக வரும். அந்தக் கரூர்ப் பார்ட்டி இப்போது ஒழுங்காக ஏற்றுகிறார்.

2025 செப்டம்பரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஜி.எஸ்.டி. கவுன்சில் 3ஆம் தேதி கூடி, வரி விகிதங்களை மாற்றி, 22ஆம் தேதி முதல் அமல் என்று அறிவித்தது. எங்கள் தொழிலில் 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள பெட்ஷீட்டுக்கு 12 சதவீதம் இருந்தது. புது முறையில் 2,500 ரூபாய் வரைக்கும் 5 சதவீதம், அதற்கு மேலே போனால் 18. கேட்கச் சந்தோஷமாக இருந்தது, ஆனால் கடையில் அறுநூறு எழுநூறு அயிட்டம், ஒவ்வொன்றிலும் பழைய விலை ஒட்டியிருக்கிறது, தீபாவளி சீசன் தொடங்குகிற நேரம், மாதத்தின் நடுவில் விகிதம் மாறுகிறது. 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, நான் கூப்பிடாமலே, அந்த அக்கா கடைக்கு வந்தார். எங்கள் பில்லிங் தம்பியோடு உட்கார்ந்து ஒவ்வொரு அயிட்டமாக மாற்றி, மூன்று நான்கு சாம்பிள் பில் போட்டுப் பார்த்துவிட்டு, இரவு பத்தரைக்கு அவர் வீட்டுக்காரர் வண்டியில் வந்து அழைத்துப் போனார். கிளம்பும்போது ஒன்று சொன்னார்: 22க்கு முன்னால் 12 சதவீதத்தில் விற்றதை யாராவது திருப்பிக் கொண்டுவந்தால் அதற்குக் கிரெடிட் நோட் (திரும்பி வந்த சரக்கின் தொகையைக் கழித்துக் கொடுக்கிற சீட்டு) 12 சதவீதத்தில்தான் போட வேண்டும், புது விகிதத்தில் போட்டுவிடாதீர்கள். அது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வாரம் மட்டும் அப்படி ஒன்பது ரிட்டர்ன் சரக்கு வந்தது.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவர் ஆபீஸ் பக்கம் போகவில்லை, ஓய்வெடுத்திருக்கிறார். லீவு லெட்டர் எழுதவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பழைய ஆபீஸாக இருந்திருந்தால் ஞாயிறு ராத்திரி வேலை செய்தது கணக்கில் வந்திருக்காது, திங்கள் காலை வராதது மட்டும் கணக்கில் வந்திருக்கும். எனக்கு அந்தத் தம்பியின் ஞாபகம்தான் வந்தது.

அடுத்த மாதம் இன்னும் நெருக்கடி. அக்டோபர் 20ஆம் தேதியே தீபாவளி, 3பிக்குக் கடைசி நாளும் அதுதான். ஜவுளிக் கடைக்காரர்களுக்கு அந்த வாரம் சாப்பிடக்கூட நேரம் இருக்காது, பில்களை நாங்களும் இழுத்தடித்துத்தான் கொடுத்தோம். கடைசியில் ஓரிரு நாள் இருக்கும்போது அரசு 25 வரை நீட்டித்தது, அதற்காகக் காத்திருந்தவர்கள் எல்லாம் பெருமூச்சு விட்டார்கள். எங்கள் 3பி 17ஆம் தேதி வெள்ளிக்கிழமையே போய்விட்டது. அக்கா பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குத் தீபாவளிக்குப் போனதாகப் போட்டோ அனுப்பியிருந்தார். வேலையைத் தள்ளிப்போட்டால் தன்னுடைய தீபாவளிதான் கெடும் என்கிற நிலையில், முன்னாடியே முடிக்கிற அக்கறை தானாக வந்துவிடுகிறது. சீக்கிரம் முடித்தாலும் ஆறு மணி வரை சீட்டில் இருந்தாக வேண்டும் என்றால் யாருக்கு அந்த அவசரம் வரும்?

இதெல்லாம் நல்ல பக்கம். குறைகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஆபீஸ் எல்லோருக்கும் ஒத்துவராது.

நினைத்த நேரத்தில் போய் நின்றால் உங்கள் ஆள் இருக்க மாட்டார். காலை பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை யாராவது ஒருவர் முறை வைத்துப் போன் எடுப்பார், நேரில் வருகிறவர்களைக் கவனிப்பார், ஆனால் அவருக்கு உங்கள் ஃபைலின் மேலோட்டமான நிலைதான் தெரியும். அப்பாவுக்கு இது பெரிய குறை. அவர் காலத்தில் ஆடிட்டரைப் பார்க்கப் போவது என்றால் உட்கார்ந்து ஒரு டீ குடித்து, நாட்டு நடப்புப் பேசி, நடுவில் கணக்கும் பேசுவது. போனில் மெசேஜ் பார்க்காத, பில்லை மஞ்சள் பையில் கொண்டுவந்து கொட்டுகிற பெரியவர்கள் நிறையப் பேர் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்த இடம் சிரமம். சந்தை நாளான செவ்வாய்க்கிழமையாவது முழு நாளும் ஆள் வைக்கலாம் என்று மேடத்திடம் சொல்லியிருக்கிறேன்.

அவர்களுடைய நேரம் என் நேரத்துக்குள் நுழைந்ததும் நடந்தது. விடியற்காலை ஐந்தே காலுக்கு "அக்கா, இந்த பில்லில் ஜி.எஸ்.டி. நம்பர் தப்பு" என்று பவானி அக்காவிடமிருந்து மெசேஜ் வந்தால், அவர் பதிலை உடனே எதிர்பார்க்கவில்லை என்றாலும் எனக்குத் தூக்கம் போய்விடும். நான் சொன்ன பிறகு இப்போது காலை பத்து மணிக்கு மொத்தமாக அனுப்புகிறார். சின்ன விஷயம்தான், ஆனால் ஒருவருக்குக் கிடைக்கிற வசதி இன்னொருவர் தலையில் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிதாகச் சேருகிறவர்களின் நிலைமைதான் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. போன வருடம் பி.காம். முடித்த ஒரு பெண் சேர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க மூத்தவர்கள் யாரும் முழு நாளும் இருப்பதில்லை. தெரியாததைக் கேட்கப் பயந்துகொண்டு, பலகையில் தேதி தவறக் கூடாது என்று ராத்திரி இரண்டு மணி வரை தனியாக உட்கார்ந்திருக்கிறது. மூன்று மாதம் கழித்து உடம்பு சரியில்லாமல் போனபோதுதான் மேடத்துக்கே தெரிந்திருக்கிறது. ரிசல்ட்டை மட்டும் பார்க்கிற இடத்தில், அந்த ரிசல்ட்டுக்காக ஒருவர் எவ்வளவு வதைபட்டார் என்பது வெளியே தெரியாமலே போய்விடலாம். அதற்கப்புறம் முதல் ஆறு மாதம் புதியவர்கள் ஒரு மூத்தவரோடு ஒரே நேரத்தில் ஆபீஸில் இருக்க வேண்டும் என்று மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் இரண்டாவது ஆள் என்று ஒருவரையும் போட்டிருக்கிறார்கள். எங்கள் அக்காவின் மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்த மாதம் அந்த இரண்டாவது ஆள்தான் பார்த்தார், தேதி தவறவில்லை. சி.ஏ. படிப்புக்காக இங்கே பயிற்சி எடுக்கிற ஆர்ட்டிகிள்ஷிப் பிள்ளைகளுக்கு இந்த நேரச் சுதந்திரம் கிடையாது, வாரம் 35 மணி நேரம் என்கிற சி.ஏ. இன்ஸ்டிடியூட் விதிப்படி அவர்களுக்குத் தனிக் கணக்கு, அது சரியும்கூட.

இந்த இடத்தில் அப்பா கேட்ட கேள்வியைச் சொல்ல வேண்டும். கடை வைப்பதற்கு முன்னால் அவர் விசைத்தறியில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் ஓட்டியவர். "நேரம் இல்லைன்னு சொன்னா நாள் பூரா வேலைன்னுதானே அர்த்தம்" என்று கேட்டார். அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 21ஆம் தேதி தொழிற்சாலைகளில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்கிற சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, அதற்கும் நெகிழ்வான வேலை நேரம் என்றுதான் பெயர் சொன்னார்கள். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்து, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். நேரத்தை வளைக்கிற உரிமை முதலாளி கையில் இருந்தால் அப்பா பயந்தது நடக்கும், தொழிலாளி கையில் இருந்தால்தான் எங்கள் பவானி அக்காவுக்குக் கிடைத்தது கிடைக்கும். அப்பா சும்மா இருக்கவில்லை, அடுத்த முறை போனபோது மேடத்திடமே கேட்டுவிட்டார். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947 சொல்கிற நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிற வரம்பைத்தான் இங்கேயும் வைத்திருக்கிறோம் என்றார் மேடம், அதனால் ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் வேலை செய்தோம் என்று வாரக் கடைசியில் எழுதிக் கொடுக்கிறார்கள். சம்பளம் பிடிக்க அது இல்லை, யாராவது 48ஐத் தாண்டினால் அவர்களிடமிருந்து ஒரு ஃபைலைக் குறைப்பதற்கு. அந்தப் புதுப் பெண்ணின் விஷயம் நடந்த பிறகுதான் இதைக் கண்டிப்பாக்கியதாக மேடமே சொன்னார். அப்பாவுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு என் கடையில் செய்ய முடியுமா என்று நிறைய நாள் யோசித்தேன். அமெரிக்காவில் பெஸ்ட் பை என்கிற எலக்ட்ரானிக்ஸ் கடை நிறுவனம், மினசோட்டா மாநிலத்தில் ரிச்ஃபீல்டில் இருக்கிற தலைமை அலுவலகத்தில் இதே முறையைப் பல வருடம் நடத்தியிருக்கிறது என்று மேடம் சொல்லித்தான் தெரியும், அப்புறம் நானும் படித்துப் பார்த்தேன். அங்கே வேலை பார்த்த காலி ரெஸ்லர், ஜோடி தாம்சன் என்கிற இரண்டு பெண்கள் உருவாக்கியது. எங்கே இருந்தாலும், எப்போது செய்தாலும், வேலை முடிந்தால் போதும் என்பதுதான் அதன் அடிப்படை. வியாபாரம் இறங்கி, புதிய தலைமை வந்த பிறகு 2013இல் நிறுத்திவிட்டார்கள். அதைப் படித்தபோது என் கண்ணில் பட்டது, அது தலைமை அலுவலக ஊழியர்களுக்கான ஏற்பாடு என்பதுதான். கடையில் நின்று டிவி விற்கிறவர் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்ல முடியாது. என் கடையிலும் அதே கதைதான். வாடிக்கையாளர் வருகிற நேரத்தில் பெட்ஷீட்டைப் பிரித்துக் காட்ட ஆள் இருந்தாக வேண்டும். 2021இல் வந்த சட்டப்படி எங்கள் பெண்களுக்கு உட்கார ஸ்டூல் போட்டிருக்கிறேன், அதற்கு மேல் விற்பனை ஆட்களுக்கு நேரத்தில் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

ஆனால் குடோனில் முடிந்தது. விலைச் சீட்டு ஒட்டுவது, பார்சல் கட்டுவது, லாரி ஆபீஸுக்கு அனுப்புவது எல்லாம் இரண்டு பேர் பார்க்கிறார்கள். அவர்களையும் காலை ஒன்பதரை முதல் இரவு எட்டு வரை இடையில் சும்மா உட்கார வைத்துத்தான் இத்தனை நாள் நடத்திக்கொண்டிருந்தோம். இப்போது அன்றைய ஆர்டர் மாலை ஐந்து மணி லாரிக்குப் போய்விட வேண்டும், பார்சல் மாறிப் போனது என்று புகார் வரக் கூடாது, இவ்வளவுதான் பேச்சு. ஒருவர் காலை ஏழுக்கு வந்து மூன்றுக்குப் போகிறார், இன்னொருவர் பன்னிரண்டுக்கு வருகிறார், சீசனில் அவர்களே பேசி மாற்றிக்கொள்கிறார்கள். ஆறு மாதத்தில் பார்சல் மாறியது ஒரே ஒரு முறை, அதுவும் நான் முகவரியைத் தப்பாக எழுதிக் கொடுத்ததால்.

கட்டணம்: பழைய இடத்தில் மாதம் 1,800 கொடுத்துக்கொண்டிருந்தோம், இங்கே 2,500. வருமான வரிக்குத் தனி. போனிலேயே பில்லை அனுப்புகிற பழக்கம் இருக்கிறவர்களுக்கும், மாதம் நூறு பில்லுக்கு மேல் பர்ச்சேஸ் இருக்கிறவர்களுக்கும் அந்த 700 ரூபாய் வித்தியாசம் ஒரு விடுபட்ட பில்லிலேயே திரும்பி வந்துவிடும். நில் ரிட்டர்ன் மட்டும் போடுகிறவர்களுக்கு இது அதிகம், பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு இடமே போதும். உங்கள் ஊரில் ஆடிட்டர் ஆபீஸ் தேடுகிறீர்கள் என்றால், எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று கேட்காதீர்கள். 2பியில் விடுபட்ட பில் பட்டியல் எத்தனாம் தேதி என் கைக்கு வரும், என் ஃபைலைப் பார்க்கிறவர் லீவு என்றால் யார் பார்ப்பார், இந்த இரண்டையும் கேளுங்கள்.

பழைய ஆபீஸில் இருந்த அந்தத் தம்பியைப் போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறானாம். அன்றைக்கு நான் பேசாமல் இருந்ததைச் சொன்னேன். "விடுங்கக்கா, அது எப்பவோ" என்றான். இந்த ஆபீஸ் நம்பரைக் கொடுத்து, ஆள் எடுக்கிறார்கள், போய்ப் பேசு என்று சொல்லியிருக்கிறேன்.